பழுது நீக்கிய கன்சோல்: திறந்தது யார் என்று கேளுங்கள்

சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் போடும் மாடலின் விலை 49,990 ரூபாய். அடுத்த ஆண்டின் இறுதியில் அதுவே 54,990 ரூபாய் ஆனது. டிவியானாலும் செல்போனானாலும் வந்து இரண்டு வருடம் போனால் விலை இறங்கிவிடும் என்று பழகிய நமக்கு, இது பெரிய ஏமாற்றம்தான். கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊரில் பார்த்தாலும் ‘ரீஃபர்பிஷ்டு’ (பழுது நீக்கியது) என்று ஒட்டி வைத்த பெட்டிகளைத் தேடி ஆட்கள் வருவதற்கு இந்த விலையே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு வாங்கித் தர விரும்பும் பெற்றோரும், வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய தம்பிகளும், அவற்றை நம்பி வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள்.

வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் பெட்டிக்கு வயது எத்தனை என்பதைவிட, அதைத் திறந்தவர் யார், எதற்காகத் திறந்தார், உள்ளே எதை மாற்றினார், எத்தனை மாதத்துக்குப் பொறுப்பேற்கிறார் என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இப்படிக் கேட்பது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டி ஓட்டுகிறோம். காயில் கட்டிய மோட்டார் என்பதற்காக அதை யாரும் ஒதுக்குவதில்லை, எந்தப் பட்டறையில் கட்டியது என்று மட்டும் விசாரிக்கிறோம். கன்சோலிலும் அதே விசாரணை போதும். அமெரிக்காவில் சோனியும் மைக்ரோசாஃப்டும் தாங்களே பழுது நீக்கி, உத்தரவாதத்துடன் விற்கின்றன. இங்கே நம் கைக்கு வருபவை பெரும்பாலும் கடைக்காரர்கள் சரிசெய்தவை. ஆகவே கடைக்காரரின் சொல்தான் உத்தரவாதம். அந்தச் சொல்லை பில்லில் எழுதி வாங்குவது நம் வேலை.

காந்திபுரத்தில் சிறிய மாடிக்கடை ஒன்றில் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர், சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பிளேஸ்டேஷன் 4 பெட்டியை என் கண்முன் திறந்தார். திருகாணிகளை மறைத்து ஒட்டியிருந்த சீல் கிழியாமல் இருந்தது. அதுவரை யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. நட்சத்திர முனைத் திருப்புளியால் மூடியைக் கழற்றி, மின்விசிறியை எடுத்ததும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே பஞ்சுத் தூசி இறுகிப் படிந்திருந்ததைக் காட்டினார். குறட்டால் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது அது ஒரே பாளமாக உரிந்து வந்தது. “தறி ஓடற வீட்டுல இருந்த பெட்டிங்க தம்பி, காத்தே உள்ள போயிருக்காதுங்க” என்றார். சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த அதன் மேல் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. பழையதைத் துடைத்து, புதிய பேஸ்ட் தடவி, மூடிப் போட்டு ஓட்டியபோது, முன்பு அடுத்த அறைக்குக் கேட்ட விசிறிச் சத்தம் அடங்கிவிட்டது. இப்படிப்பட்ட பெட்டியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தூசி, பேஸ்ட், விசிறி, பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றில் வரும் கோளாறுகள் முழுமையாகக் குணமாகக்கூடியவை. பிளேஸ்டேஷன் 4-இல் இருப்பது சாதாரண 2.5 அங்குல ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால் பெட்டி முன்பைவிட வேகமாகவே இயங்கும். டிவிக்குக் கேபிள் செருகும் ஹெச்டிஎம்ஐ போர்ட் உடைந்து மாற்றியிருந்தாலும், வேலை சுத்தமாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. மெயின் போர்டில் உள்ள பெரிய சிப்பின் இணைப்பு விட்டுப்போய் படம் வராமல் நின்ற பெட்டியை, ஹீட் கன்னால் சூடேற்றி உயிர் கொடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து பெட்டி செத்துப்போகும் கோளாறு உலகம் முழுவதும் பரவியபோது, மைக்ரோசாஃப்ட் 2007-இல் அந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. சூடாகிச் சூடாகிக் குளிர்வதால் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போவதே அதன் வேர். வெளியிலிருந்து சூடேற்றினால் அவை தற்காலிகமாகச் சேரும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடியும் விட்டுப்போகும். பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்க மாடல்களிலும் இதே கதைதான். ஆகவே “போர்டு வேலை நடந்திருக்கிறதா?” என்ற கேள்வியை நேராகக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உண்டு. முன்னாள் உரிமையாளர் செய்த தவறுக்காக அந்தக் கன்சோலையே நிறுவனம் தன் ஆன்லைன் சேவையிலிருந்து நிரந்தரமாகத் தடை செய்திருக்கலாம். நீங்கள் புதிய கணக்கு தொடங்கினாலும் தடை பெட்டியோடு ஒட்டியே வரும். ஜெயில்பிரேக் செய்து, அதாவது நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை உடைத்து, ஹார்டு டிஸ்க் நிறைய கேம்களை ஏற்றித் தருவதை ஒரு சலுகை போலச் சொல்வார்கள். அது திருட்டு நகல் என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பெட்டி பழைய சிஸ்டம் மென்பொருளிலேயே முடங்கிக் கிடக்கும். ஆன்லைனில் போனால் தடையாகும், அப்டேட் செய்தால் ஜெயில்பிரேக் போய்விடும். குழந்தைகளுக்கு வாங்கும் பெற்றோர் இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

டிஸ்க் டிரைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இன் டிரைவிலுள்ள சர்க்யூட் போர்டு, அந்தப் பெட்டியின் மெயின் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறொரு பெட்டியின் டிரைவை அப்படியே மாற்றிப் போட்டால் விளையாட்டு டிஸ்க்குகளைப் படிக்காது. கடையில் டவுன்லோடு செய்த கேமை மட்டும் ஓட்டிக் காட்டினால் இந்தக் குறை வெளியே வராது. ஆதலால் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டு போய், போட்டு ஓட்டி, வெளியே எடுத்து, மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

கடையில் குறைந்தது அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். மெனுவைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், பெரிய விளையாட்டு ஒன்றை ஓட்ட வேண்டும். கோளாறுள்ள பெட்டி சூடு ஏறினால்தான் அணையும். செட்டிங்ஸில் சீரியல் எண் காட்டும் கன்சோலாக இருந்தால், அதுவும் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். முழுமையாக ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட் மூலம் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். தடை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் விளையாட்டுக் கதாபாத்திரம் நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. இத்தனைக்கும் அனுமதிக்காத கடைக்காரர், பின்னால் பழுதென்று போய் நின்றால் முகம் கொடுப்பார் என்று நான் நம்பவில்லை.

பெட்டி எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கேமிங் சென்டர்களை மூடும்போது மொத்தமாக வெளியே வரும் கன்சோல்கள், காலை முதல் நள்ளிரவு வரை ஓடியவை. வெளியே பளபளப்பாக இருந்தாலும் நான் அவற்றைத் தவிர்ப்பேன். கோவையிலும் பெருந்துறையிலும் பொறியியல் கல்லூரி விடுதிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ஊருக்குப் போகும் காலத்தில் விற்கும் பெட்டிகள், பில்லும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால், கடையில் கிடைப்பதைவிடப் பல நேரம் நல்லவை.

பிளேஸ்டேஷன் 5-ஐப் பொறுத்தவரை எனக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை உண்டு. அதன் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சாதாரண பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பழக்கமில்லாத கை திறந்து, ஒரு துளி இடம் மாறினாலும் போர்டு ஷார்ட் ஆகிவிடும். அதன் எஸ்எஸ்டியும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, ஹார்டு டிஸ்க் போலக் கழற்றி மாற்ற முடியாது. சீல் பிரிக்காத, இந்திய பில் உள்ள, கம்பெனி உத்தரவாதம் மிச்சமிருக்கும் பிளேஸ்டேஷன் 5 கிடைத்தால் வாங்குங்கள். திறந்து மூடியது என்றால், புதியதன் விலையில் பாதிக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வராது. அதே தொகையில், ஒழுங்காகச் சுத்தம் செய்து, மூன்று மாதமாவது பொறுப்பேற்று பில் எழுதித் தரும் பிளேஸ்டேஷன் 4 ஒன்றையும் பழைய டிஸ்க்குகள் சிலவற்றையும் வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தில் நம் ஊர் மின்னழுத்த ஏற்றத்தாழ்வைத் தாங்க நல்ல யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்துவிடலாம்.