தவறிய நாட்கள்: ஏற்காடு மலைல நான் பிஎச்டி முடிச்ச கதை

போன மாசம் எனக்கு பிஎச்டி வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வு முடிஞ்சுது. அதுல இருந்து தினம் ரெண்டு பேராவது கேக்கறாங்க, நர்சிங்ல பிஎச்டி பண்ணலாமா, எத்தன வருஷம் ஆகும், வேலைய விட்டுட்டுத்தான் பண்ணணுமான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன்.

நான் சேலத்துல ஒரு நர்சிங் காலேஜ்ல வேலை பாக்கறேன், வீடு கோரிமேடு பக்கம். எம்எஸ்சில கம்யூனிட்டி ஹெல்த் எடுத்தேன். பார்ட் டைம்ல பதிஞ்சு முடிக்க ஆறு வருஷத்துக்குக் கிட்ட ஆயிருச்சு.

எம்எஸ்சி மொத வருஷம் அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ்னு ஒரு பேப்பர் படிச்சோமே, அதுலயே டாக்டரேட் பண்ண முடியுமான்னு நெறய பேரு கேக்கறாங்க. நர்ஸே பேஷன்ட்ட பரிசோதிச்சு சிகிச்சை முடிவெடுக்கற அளவு மேல்நிலை வேலை தான் அட்வான்ஸ்டு பிராக்டிஸ். அமெரிக்கால அதுக்குன்னே டிஎன்பி, அதாவது டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்னு ஒண்ணு இருக்கு, அங்க இருக்கற நர்சிங் காலேஜ் சங்கம் 2004லயே அட்வான்ஸ்டு பிராக்டிஸுக்குப் போறவங்க அந்தப் படிப்பு படிக்கணும்னு முடிவெடுத்தாங்க, 2006ல அவங்க போட்ட விதிப்படி பிஎஸ்சிக்கு அப்பறம் குறைஞ்சது 1000 மணி நேரம் பிராக்டிஸ் காட்டணும், கடைசில ஒரு ப்ராஜெக்ட். இங்க நர்சிங் கவுன்சில் கொண்டு வந்த நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் ரெண்டு வருஷம், ஆனா அது பிஜி, முதுநிலைப் படிப்பு. டாக்டரேட்னு வந்தா நமக்கு பிஎச்டி தான். அதுக்காக லைப்ரரில உக்காந்து எழுதற வேலைன்னு மட்டும் நெனச்சுறாதீங்க, டாபிக்க எப்படி எடுக்கறோம்ங்கறதுல தான் எல்லாம் இருக்கு.

என்னோடது பிரஷர் மாத்திரை. ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை கிராமங்கள்ல பிரஷர் இருக்குன்னு கண்டுபிடிச்சு மாத்திரையும் குடுத்துடறாங்க, ஆனா தொடர்ந்து சாப்பிடறாங்களா? நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பேசி, பிரஷர் பாத்து, ஆறு மாசம் கூடவே இருந்தா மாத்தம் வருமா? 60 பேருக்கு அப்படிப் போறது, இன்னொரு 60 பேருக்கு வழக்கமா நடக்கறது மட்டும், அப்பறம் ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாக்கறது.

கைடு கெடச்சது, சினாப்சிஸ்ங்கற ஆராய்ச்சித் திட்டச் சுருக்கம், எத்திக்ஸ் கமிட்டி எல்லாம் எல்லாருக்கும் நடக்கறது தான். ஒரே ஒரு அனுமதிக் கடிதம் மட்டும் ஒரு ஆபீஸ்ல நாலு மாசம் கெடந்துச்சு, வாரா வாரம் போய் நின்னு தான் வாங்கினேன். என்ன மாதிரி ஆளுங்களுக்கு ஏதாவது செஞ்சு மாத்தம் வருதான்னு பாக்கற இன்டர்வென்ஷன் ஸ்டடி பண்றவங்க சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவோட மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல பதியறத மறந்துறாதீங்க, 2018 ஏப்ரல்ல இருந்து மொத ஆள ஸ்டடில சேக்கறதுக்கு முன்னாடியே பதிஞ்சாகணும், அப்பறமா போனா எடுத்துக்க மாட்டாங்க.

நான் அடி வாங்கினது பைலட் ஸ்டடில, அதாவது மெயின் ஸ்டடிக்கு முன்னாடி பண்ற சின்ன வெள்ளோட்டத்துல. மொத்த சாம்பிள்ல பத்து சதவீதம், 12 பேரு. டூல்ங்கற கேள்வித்தாள நானே இங்கிலீஷ்ல எழுதி, தமிழ்ல மாத்தி, மறுபடியும் இங்கிலீஷுக்குக் கொண்டு வந்து சரி பாத்து, அஞ்சு எக்ஸ்பர்ட் கிட்ட வேலிடிட்டி, அதாவது கேள்வி சரியா இருக்குன்னு ஒப்புதல் வாங்கி, எல்லாம் பக்காவா இருக்குன்னு நம்பித்தான் மலையேறினேன். மூணாவது வீட்ல ஒரு ஆயா. வாசல்ல சாக்கு விரிச்சு மொளகு காய வெச்சிட்டிருந்தாங்க. மாத்திரை போடாம விட்ட நாளக் கேக்கற கேள்விய நான் பேப்பர்ல இருக்கற மாதிரியே படிச்சேன், "கடந்த இரண்டு வாரங்களில் தவறிய நாட்கள் எத்தனை?"

ஆயா கை அப்படியே நின்னுருச்சு. "எங்கூட்டுக்காரரு தவறி மூணு மாசம் ஆச்சு நர்சம்மா, அத எதுக்குக் கேக்கறீங்க"ன்னாங்க.

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அதுக்கு மேல பேப்பர எடுக்கல, அவங்க பக்கத்துல உக்காந்துட்டேன், அவங்க வீட்டுக்காரர் எப்படிப் போனாருன்னு சொன்னாங்க, கேட்டுட்டு வந்தேன். அடுத்த வீட்ல அதே கேள்விக்கு ஒரு அக்கா, "தவறெல்லாம் ஒண்ணும் பண்ணலீங்க, குடுக்கறத முழுங்கிட்டுத்தான் இருக்கறேன்"னு பயந்து போய் சொன்னாங்க. எப்போதாவது, சில வேளைகளில், பெரும்பாலும்னு நான் போட்டு வெச்சிருந்த ஆப்ஷன்ல எதையுமே யாரும் பிரிச்சுச் சொல்லல. அஞ்சு எக்ஸ்பர்ட்டும் படிச்சவங்க, நானும் படிச்சவ, எங்க ஆறு பேருல ஒருத்தருக்குக் கூட அந்த வார்த்தை உறுத்தவே இல்ல.

அன்னைக்கு பஸ்ல எறங்கி வரப்போ 20 கொண்டை ஊசி வளைவும் அழுதுகிட்டே தான் வந்தேன்.

கைடு மேடம் கிட்ட அப்படியே சொன்னேன். திட்டல. "அவங்க வாயில வர்ற வார்த்தைய எழுதிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. விஎச்என், அதாவது கிராம சுகாதார நர்ஸ் சிஸ்டர் கூடவே ஒரு மாசம் வீடு வீடாப் போனேன், பேப்பரே எடுத்துட்டுப் போகல. அப்ப தான் கவனிச்சேன், மாத்திரை சாப்பிட்டீங்களான்னு சிஸ்டர் கேக்கறதே இல்ல, "அட்டைய எடுத்துட்டு வாங்க பாக்கலாம்"னு தான் சொல்றாங்க. காலிக் குழிய எண்ணிட்டா முடிஞ்சுது. 30 நாளைக்கு 30 மாத்திரை குடுத்து 21 காலியா இருந்தா 70 சதவீதம், 80க்குக் கொறையாம இருந்தா தான் ஒழுங்கா சாப்பிடறாங்கன்னு வழக்கமா எடுத்துக்கறது. அதையே மெயின் டூலா மாத்திட்டேன். அதுலயும் சிக்கல் உண்டு, ஒரு வீட்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே அட்டைல சாப்பிட்டிருந்தாங்க, அதனால வீட்ல வேற யாருக்காவது பிரஷர் இருக்கான்னு ஒரு கேள்வி சேத்தேன். மறுபடியும் வேலிடிட்டி, எத்திக்ஸ் கமிட்டில மாத்தத்துக்கு அனுமதி, புதுசா பைலட், எட்டு மாசம் போச்சு. அந்த எட்டு மாசத்த நான் நஷ்டம்னு சொல்ல மாட்டேன்.

பிரஷர் பாக்கறதுலயும் மலைல தனியாக் கத்துக்கணும். மார்கழிக் குளிர்ல எல்லாரும் ஸ்வெட்டர்ல இருப்பாங்க, கையச் சுருட்டி மேல ஏத்திக் காட்டுவாங்க, அந்தச் சுருட்டல் கைய இறுக்கிப் பிடிச்சா ரீடிங்கே தப்பாப் போகும். ஸ்வெட்டர்ல இருந்து ஒரு கைய முழுசா வெளிய எடுக்கச் சொல்லணும். மேட்டுல ஏறி வந்திருந்தா அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்கார வெக்கணும், அரை மணி நேரத்துக்குள்ள காப்பியோ பொகையிலயோ போட்டாங்களான்னு கேக்கணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், ரெண்டு தடவ பாக்கணும். காப்பிப் பழம் பறிக்கற சீசன்ல காலைல ஏழு மணிக்கே எஸ்டேட்டுக்குக் கெளம்பிடுவாங்க, அதனால சாயங்காலம் நாலு மணிக்கு மேல தான் போவேன், கடைசி பஸ்ஸுக்கு ஓடுவேன், வீட்ல என் பொண்ணு ஹோம்வொர்க்க வீட்டுக்காரர் தான் பாத்தாரு.

120ல 11 பேரு நடுவுல வேலைக்குன்னு வெளியூர் போயிட்டாங்க. விட்டுப் போறவங்கள எதிர்பாத்து சாம்பிள் சைஸ்லயே கொஞ்சம் சேத்து வெச்சிருந்ததால தப்பிச்சேன், நீங்களும் சேத்துக்கோங்க. ஸ்டாட்டிஸ்டீஷியன டேட்டா முடிஞ்சப்பறம் தேடாதீங்க, சினாப்சிஸ் எழுதறப்பவே போய்ப் பாருங்க.

வைவால ஒரு எக்ஸாமினர், ரெடியா ஸ்கேல் எத்தனையோ இருக்கறப்ப ஏன் மாத்திரை எண்ணினீங்கன்னு கேட்டாரு. ஆயா கதைய அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இது தீசிஸ்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டாரு. இல்ல சார்னேன். சேருங்கன்னாரு. சேத்துட்டுத்தான் ஃபைனல் காப்பி குடுத்தேன்.

வேலைய விட வேண்டாம். லீவ மட்டும் மொதல் வருஷத்துல செலவு பண்ணிடாம டேட்டா கலெக்‌ஷனுக்குன்னு சேத்து வைங்க. தமிழ்ல டூல் எழுதி வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா எனக்கு அனுப்புங்க, ஞாயித்துக்கெழம உக்காந்து படிச்சுப் பாத்து சொல்றேன்.