தட்டு மறையும் ஆழம்

ஜூன் பள்ளி விடுமுறையில் அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குச் சென்றிருந்தேன். கடல்நீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, வெள்ளைத் தட்டு ஒன்றைப் பழம் வாங்கிய வலைப்பையில் இட்டு, கூடவே ஒரு கல்லையும் வைத்து, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தீவின் படகுத்துறையிலிருந்து இறக்கினோம். நான்காம் முடிச்சு நனைவதற்குள் தட்டு மறைந்துவிட்டது. தெளிந்த ஆழ்கடலில் இத்தகைய தட்டு 30 மீட்டருக்குக் கீழும் தெரியும்.

“சித்தப்பா, சாட்டிலைட்டே இதப் பாத்துருமே, நாம எதுக்கு?” என்றாள்.

பார்க்கும், ஆனால் நம் கடலில் ஏமாந்தும் போகும். கடலின் நிறத்தை அளக்கும் கருவி 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் முதன்முதலாகச் சென்றது. 1999இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 செய்ததும் அதே வேலைதான். கடலுக்கு மேலே பறக்கும் அக்கருவியை எட்டும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காடு காற்று மண்டலம் சிதறடித்தது. அதைக் கழித்தபின் எஞ்சுவதில்தான் நீரைப் பற்றிய செய்தி இருக்கிறது. மிதவைப் பாசியின் பச்சையம் நீல ஒளியை விழுங்குவதால், பச்சையோடு ஒப்பிட நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துப் பாசியின் அளவைக் கணிக்கிறார்கள். நடுக்கடலில் இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கிறது.

நம் நீரிணையில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ராவின் சதுப்புநிலங்களில் மட்கிய இலைதழைகளின் சாறு ஆறுகளில் இறங்கி, மலாக்கா நீரிணை வழியாக நம் கரைவரை வந்து சேர்கிறது. நீர் கலந்த தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போன்ற அந்தச் சாயமும் நீலத்தையே விழுங்குவதால், பாசி இல்லாத இடத்திலும் பாசி மிகுந்திருப்பதாகக் கணக்குச் சொல்லிவிடுகிறது. கிளறப்பட்ட வண்டல் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. இணையத்தில் பளிச்சென்று உலவும் பச்சைய வரைபடங்களில் நம் கரையோரம் பாசி மிகுதியைக் குறிக்கும் சிவப்பாகத் தெரிந்தால், நான் உடனே நம்புவதில்லை.

2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் (PACE) செயற்கைக்கோள், புறஊதாவிலிருந்து தொடங்கி நிறங்களை மிக நெருக்கமாகப் பிரித்து அளக்கிறது. சாயம் புறஊதாவை இன்னும் கூடுதலாக விழுங்கும் என்பதால், அதையும் பாசியையும் வேறுபடுத்த வழி பிறந்திருக்கிறது. மேகத்தை ஊடுருவிப் பார்க்க மட்டும் அதனாலும் ஆகாது. அன்றிரவு வீட்டில் அந்த நாளின் படத்தைத் தேடி எடுத்தபோது, பாத்தாம் முதல் ஜோகூர் வரை வெள்ளையாக மூடியிருந்தது.