ஓடும்போது விழுந்தானா, நின்றபிறகா?

அக்கா மகனுக்கு 17 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. கால்பந்து என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. போன வருஷம் ஓர் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தான். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துவிட்டான். பக்கத்துக் கிளினிக் ஒன்றில் 'வெயில் மயக்கம்' என்று உப்புக்கரைசல் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கிற ஊரில் வெயில் மயக்கமாம்!

சேலத்துக்கு வரச்சொல்லி இதய மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே அவர் கேட்டது: "ஓடிக்கிட்டிருக்கும்போது விழுந்தானா, ஓடி முடிச்சு நின்னப்புறமா?" அவனுக்கே தெரியவில்லை. நல்லவேளை, கூட்டாளி ஒருவன் செல்போனில் படம் எடுத்திருந்தான். பந்தைத் துரத்திக்கொண்டே போகிறவன், யாரும் தொடாமலே, கையைக்கூட ஊன்றாமல் குப்புற விழுகிறான். டாக்டர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஓடி நின்றபிறகு வரும் மயக்கம் பெரும்பாலும் கால்களில் ரத்தம் தேங்குவதால் வருவது, ஓட்டத்தின் நடுவே வந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். உங்கள் பிள்ளை மைதானத்தில் விழுந்தால், பக்கத்தில் இருந்தவர்களிடம் இதை அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

ஈசிஜி சரியில்லை. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறைச் சுவரின் தடிமன் 14 மில்லிமீட்டர். 12-க்குள் இருப்பது வழக்கம். 15-ஐத் தொட்டால் இதயத் தசை தடிக்கும் நோய் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். நடுவில் நின்றால்தான் சிக்கல், ஏனென்றால் கடுமையாகப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கும் சுவர் கொஞ்சம் தடிக்கும். சில மாதம் ஆட்டத்தை நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. பயிற்சியால் வந்த தடிப்பு என்றால் குறையும்.

"உங்க வீட்ல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

எங்கள் அப்பா. 38 வயதில், காப்பித் தோட்டத்தில் மூட்டை தூக்கி மேடேறும்போது போய்விட்டார். மாரடைப்பு என்றே இத்தனை வருஷமும் சொல்லி வந்தோம். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்ற இந்த நோய் பரம்பரையாக வருவது. பெற்றவருக்கு அதற்கான மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2003-இல் லியோன் மைதானத்தில் விழுந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கும் இதுதான் இருந்தது.

அக்காவுக்கும் எனக்கும் எக்கோ எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் பிற்பாடும் தலைகாட்டலாம், அவ்வப்போது வந்து பாருங்கள் என்றார்கள். குடத்தோடு மேடேறி ஒரு நாளும் மூச்சு வாங்காத அக்காவுக்கு 18 மில்லிமீட்டர். பெற்றவருக்கு நோய் உறுதியானால் பிள்ளைக்கு 13 இருந்தாலே போதுமாம். இப்படி அம்மாவின் ரிப்போர்ட்டில்தான் மகனின் நோய் முடிவானது.

எம்ஆர்ஐ, ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி எல்லாம் அப்புறம் வரிசையாக நடந்தன. மயங்கி விழுந்தவன் என்பதால் ஐசிடி வைத்துவிடலாம் என்றார் டாக்டர். நெஞ்சின் மேல்பக்கம், காறை எலும்புக்குக் கீழே பதிக்கும் சின்னக் கருவி; இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதுவே ஷாக் கொடுக்கும். அக்கா மிரண்டாள். இதயம் நின்றபிறகு ஷாக் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கும் என்று டாக்டர் விளக்கினார். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 108 மேலே வந்து ஏற்றிக்கொண்டு இறங்கும் கணக்கை அவளே போட்டுப் பார்த்தாள். சரி என்றாள்.

பயல் கேட்டான்: "மாமா, எரிக்சன் இதை வெச்சுக்கிட்டுத்தானே ஆடுறாரு?" உண்மைதான். 2021 யூரோ கால்பந்துப் போட்டியில் விழுந்த டென்மார்க் வீரர், ஐசிடியோடு மறு வருஷமே இங்கிலாந்தில் ஆடினார். ஆனால் அதே கருவியோடு ஆட இத்தாலி அனுமதிக்காததால்தான் இன்டர் மிலானை விட்டு வந்தார். அதோடு, ஆளாளுக்கு நோயும் வேறு. இப்போதைக்கு நடை மட்டும், பந்தயம் பற்றிப் பிறகு பேசலாம் என்கிறார் டாக்டர். இவன் இன்னும் அவரோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

ஆத்தூரில் இருக்கும் தங்கைதான் பாக்கி. "எனக்கு ஒண்ணும் இல்ல, போண்ணா" என்கிறாள். அவள் மகள் பள்ளி கபடி அணியில் இருக்கிறாள். அடுத்த வாரம் நானே போய்க் கூட்டிவரப் போகிறேன்.