டிரெய்லர் இழுக்கும்போது கியர்பாக்ஸ் ஏன் கொதிக்கிறது?

பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கிறவரிடம் கியர்பாக்ஸ் சூடு எவ்வளவு என்று கேளுங்கள். பாதிப் பேர் இன்ஜின் டெம்பரேச்சர் முள்ளைக் காட்டுவார்கள். அது நடுவில் நிற்கும், நிற்கத்தான் செய்யும். அந்தப் பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் 120 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் இந்த முள் அசைந்து கொடுக்காது.

அதனால் கியர்பாக்ஸ் சூட்டை எண்ணாகப் பார்க்க ஒரு வழி வேண்டும். சில வண்டிகளில் டிஸ்பிளே மெனுவுக்குள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற சின்ன ப்ளூடூத் ரீடரும் ஒரு போன் ஆப்பும் போதும். உங்கள் மாடலின் கியர்பாக்ஸ் சென்சாரை அந்த ஆப் படிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் பானில் இருந்தால் எண் மெதுவாக ஏறும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வெளியேறும் இடத்தில் இருந்தால் ஒரே மேட்டில் மளமளவென்று எகிறும். அடுத்தவர் வண்டி எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது வீண்.

80 முதல் 95 வரை இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. 110 தாண்டினால் கியரையும் வேகத்தையும் மாற்றுவேன். 120 என்றால் ஓரங்கட்ட இடம் தேடுவேன். சில புது வண்டிகளை எரிபொருள் சிக்கனத்துக்காக வேண்டுமென்றே கொஞ்சம் சூடாக ஓடும்படி செய்திருக்கிறார்கள். அவற்றுக்கு என் கணக்கை விட்டுவிட்டு வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் பழைய கணக்கு. துல்லியமானதில்லை, ஆனால் போக்கு சரிதான்.

சூட்டில் பெரும்பகுதி பிறப்பது அந்த டார்க் கன்வெர்ட்டரில். அங்கே இன்ஜினின் விசையை ஆயில்தான் கடத்துகிறது, இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாமல் வழுக்கும் அந்த ஸ்லிப்பில் வீணாகும் சக்தி முழுக்கச் சூடாகிறது. இரு பக்கத்தையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் ஸ்லிப் கிட்டத்தட்ட இல்லை. பிடித்ததா என்று ஆர்பிஎம் மீட்டரிலேயே தெரியும்: காலை அசைக்காமல் சீராகப் போகும்போது வேகம் அப்படியே இருக்க, முள் மட்டும் இருநூறு முந்நூறு இறங்கும். அப்புறம் லேசாக அழுத்தினால் வேகமும் ஆர்பிஎம்மும் சேர்ந்தே ஏறும். லாக் விட்டுப்போயிருந்தால் ஆர்பிஎம் மட்டும் முன்னால் ஓடும்.

ஏற்றத்தில் உயர்ந்த கியரில் முக்கிக்கொண்டு போனால் அந்த லாக் விட்டு விட்டுப் பிடிக்கும், கியரும் மேலும் கீழும் தாவும். அதனால் பாரம் இழுப்பதற்கேற்ப கியர் மாற்றத்தை அமைக்கும் டோ/ஹால் பட்டனை முன்பே அழுத்திவிடுவேன், மேடு தொடங்கும் முன்பே கையால் ஒரு கியர் இறக்கிவிடுவேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த என் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "இன்ஜின் என்னமா கத்துது, மேல் கியருக்குப் போயேன் மச்சான்!" "கத்தட்டும், நீ போனைப் பாரு" என்றேன். 108 இல் இருந்த எண் மேடு முடிவதற்குள் 101க்கு வந்துவிட்டது. ஆர்பிஎம் கூடினால் ஆயில் பம்ப்பும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்தே வேகமாகச் சுற்றும், அதுவும் நமக்கு லாபம்.

வேகம் பற்றி ஒரே வரி: காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், 100 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கினால் அந்தச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

யாரும் கவனிக்காத இடம் ரிவர்ஸ். சரிவான இடத்தில் டிரெய்லரை மேல்நோக்கித் தள்ளும்போது காற்றோட்டமும் இல்லை, லாக்கும் இல்லை. அரை அடி நகர்த்தி நிறுத்தி, மறுபடி அரை அடி என்று பொறுமையாக ஓட்டுகிறவருக்குத்தான் எண் அதிகம் ஏறும். மண் தரையாக இருந்தால் ஃபோர்-லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் குறைந்த கியரில்) போட்டுச் செய்யுங்கள், ஸ்லிப் வெகுவாகக் குறையும். தார்த் தரையில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பவேண்டுமென்றால் வேண்டாம், முன் பின் சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிவிடும் பார்ட்-டைம் ஃபோர்வீல் இறுகிக்கொள்ளும்.

சூடேறி ஓரங்கட்டினால் உடனே இன்ஜினை அணைக்காதீர்கள். டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டும் நிற்காதீர்கள். ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் 1,000–1,200 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். சில பழைய கியர்பாக்ஸ்களில் பார்க்கில் போட்டால் ஆயிலைக் குளிரவைக்கும் கூலருக்கு ஆயில் போகாது, அதனால்தான் நியூட்ரல் என்கிறேன். ஏசியையும் அணையுங்கள், அதன் கண்டன்ஸர் உமிழும் சூடும் கூலர் மீதுதான் வந்து சேர்கிறது.

அடிக்கடி இழுக்கிறவர்கள் தனியாக ஒரு ஸ்டாக்டு பிளேட் கூலர் (தட்டுகளை அடுக்கிச் செய்தது) போடலாம். அதற்கு முன்பு, ஏற்கனவே இருக்கிற கூலரின் இடுக்குகளில் பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

'ஆயுள் முழுக்க ஆயில் மாற்றவேண்டாம்' என்ற வாசகம் டிரெய்லர் இழுக்காத வண்டிக்கு. யாருடைய ஆயுள் என்றும் அவர்கள் சொல்வதில்லை. கையேட்டில் கடின உபயோகத்துக்கென்று தனி அட்டவணை இருந்தால் நமக்கு அதுதான். ஆயில் பானைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மெல்லிசாகப் படிந்திருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலைக் குத்துகிற இரும்புச் சில்லுகள் இருந்தால் அடுத்த பயணத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.