ஐரோப்பிய வரலாற்றில் பிஎச்டி: ஃபுளோரன்சுக்கு விண்ணப்பிக்கும் முன்

ஐரோப்பிய வரலாற்றில் முனைவர் பட்டம் என்றதும் ஆக்ஸ்போர்டு, பாரிஸ், பெர்லின் என்றுதான் தேடுகிறோம். இத்தாலியின் ஃபுளோரன்சை ஒட்டிய ஃபியசோலே குன்றுச் சரிவில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் நம் கண்ணில் படுவது அபூர்வம். 1972இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்து, 1976இல் முதல் ஆய்வாளர்களைச் சேர்த்தது. வரலாறு, சட்டம், பொருளாதாரம், அரசியல்-சமூகவியல் எனத் துறைகள் நான்கு. இளங்கலை வகுப்பே கிடையாது.

முதலில் பணம். நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் தரும் உதவித்தொகை பெரும்பாலும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான். மற்றவர்களுக்கென்று இருக்கும் இடங்கள் கொஞ்சம். யாருக்கு எது என்ற விவரம் ஆண்டுதோறும் மாறும். ஆகவே ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரி எழுதும் முன்பே அந்த ஆண்டின் உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் குடியுரிமை எந்த வரிசையில் வருகிறது என்று பாருங்கள். படிப்பு நான்கு ஆண்டு, பணமும் நான்கு ஆண்டுதான். நம்மூர்போல சினாப்சிஸை (ஆய்வேட்டுச் சுருக்கத்தை) இழுத்துக்கொண்டே போக வழியில்லை.

அடுத்து நெறியாளர். இங்கே பேராசிரியர் பணி நிரந்தரமில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம், அதிகபட்சம் எட்டு ஆண்டு. ஒருவரின் புத்தகத்தைப் படித்து மயங்கி விண்ணப்பிக்கும் முன், அவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்று அவருடைய இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். சேர்ந்து ஆறு ஆண்டாகியிருந்தால், உங்கள் ஆய்வேடு பாதியில் இருக்கும்போதே அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். தூரத்திலிருந்தும் நெறிப்படுத்துவார்கள்தான், ஆனால் அது வேறு அனுபவம். ஆய்வேட்டைப் படித்துக் கருத்துச் சொல்ல இரண்டாவது வாசகராக ஒருவர் உண்டு. அவரைத் தேர்வு செய்வதிலும் இதே கணக்கு.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது ஆய்வுத் திட்டத்தில்தான். ‘மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் வணிகமும் அதிகாரமும்’ என்று தலைப்பு வைத்து, படித்த நூல்களைச் சுருக்கி எழுதினால் அது செமினார் கட்டுரை. தேர்வுக்குழு கேட்பது வேறு: எந்தக் காப்பகம், எந்தத் தொகுதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மொழி, அந்தக் கையெழுத்தை உங்களால் படிக்க முடியுமா? இதற்குப் பதில் இல்லாத கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான்கு ஆண்டில் முடியாது. இருபதாம் நூற்றாண்டு எடுப்பவர்களுக்கு எந்த ஆண்டு வரை கோப்பு திறந்திருக்கிறது என்பதே எல்லைக்கோடு. நிறுவனத்தின் வில்லா சால்வியாத்தி மாளிகையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றுக் காப்பகத்தில், ஆவணம் உருவாகி 30 ஆண்டு கழித்துத் திறப்பதே பொது விதி. வத்திக்கானில் விதி வேறு. அங்கே திருத்தந்தையரின் ஆட்சிக்காலம் வாரியாகத்தான் திறப்பார்கள். பன்னிரண்டாம் பயஸ் காலத்து ஆவணங்கள் 2020 மார்ச்சில்தான் வெளிவந்தன. இத்தாலியக் காப்பகங்களுக்கு ஆகஸ்டில் பயணம் போடாதீர்கள். சில மூடியிருக்கும், சில அரைநாள்தான்.

ஃபுளோரன்ஸ் அரசுக் காப்பகத்தில் உட்காருபவர்களை முதலில் கவிழ்ப்பது தேதி. 1749 வரை அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. ‘1529 பிப்ரவரி 10’ என்று ஒரு கடிதம் இருந்தால் நம் கணக்கில் அது 1530. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை நகரத்தை முற்றுகையிட்டது 1529 அக்டோபரில். தேதியை அப்படியே எடுத்தால், முற்றுகைக்குள் பசியோடு எழுதப்பட்ட கடிதம் முற்றுகைக்கு எட்டு மாதம் முந்தியதாகிவிடும், அதை வைத்துக் கட்டிய அத்தியாயமும் சரியும். பக்கத்து ஊர் பீசாவிலும் புத்தாண்டு மார்ச் 25தான், ஆனால் ஆண்டு எண் ஒன்று கூடுதல். குறிப்பெடுக்கும்போது ஆவணத்தில் உள்ள தேதியையும் மாற்றிய தேதியையும் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை எழுதித் திருத்தினால் பிறகு எது எது என்று தெரியாது.

இத்தாலிய அரசுக் காப்பகங்களில் 2017 முதல் சொந்தக் கைபேசியில் ஃபிளாஷ் இல்லாமல் இலவசமாகப் படம் எடுக்கலாம். இதுவே ஒரு பொறி. நாள் முழுக்கச் சொடுக்கிக்கொண்டே போனால் கட்டு எண், தாள் எண் இல்லாத படங்கள் மலையாகக் குவியும். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆவணத்தை மேற்கோள் காட்ட முடியாது. ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படம் அதன் முகப்புத் தாளாக இருக்கட்டும். அன்று மாலையே கோப்புறைக்குப் பெயர் வைத்துவிடுங்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு உண்மையான அனுகூலம் ஓரிடத்தில் உண்டு. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அப்போது டேனிஷ் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கியது முதல் மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களும், தமிழ் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில் உள்ளன. டேனிஷ் நிர்வாக ஆவணங்கள் கோபன்ஹேகனில். இரு பக்கத்தையும் படிக்கக்கூடியவர்கள் குறைவு. ஆனால் ஜெர்மன் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் கடிதங்கள் குரென்ட் என்ற பழைய கையெழுத்தில் இருக்கின்றன. அதில் ‘e’ என்பது ‘n’ போலத் தெரியும். தினம் ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்துப் பழகாமல் காப்பகத்துக்குப் போனால் பயணப்பணம் எழுத்துக் கூட்டுவதிலேயே கரையும்.

முதலாண்டு கருத்தரங்குகளில் ஓடும். முடிவில் திட்டத்தைத் திருத்தி ஒரு கட்டுரையாகத் தர வேண்டும். களப்பணியை இரண்டாம் ஆண்டில் முடித்துவிடுவது நல்லது. மூன்றாம் ஆண்டிலும் ‘இன்னும் ஒரே ஒரு காப்பகம்’ என்று அலைபவர்கள்தான் நான்காம் ஆண்டில் திணறுகிறார்கள். இறுதி வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வருபவர்களும் குழுவில் இருப்பார்கள்.

இன்னொன்று: இளங்கலை மாணவர்கள் இல்லாததால் வகுப்பெடுத்த அனுபவம் தானாகச் சேராது. வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உறுத்தும். ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே வேறு பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவமாவது பாடம் நடத்த நெறியாளரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.