சும்மா விட்ட துண்டு

தலவாக்கலைப் பக்கம், தோட்டத்து வழியாகப் போகும் ஒரு பழைய காபட் வீதியில்தான், அதாவது தாரும் சல்லியும் கலந்து போட்ட வீதியில்தான், அந்த மேற்பூச்சுச் சோதனையைச் செய்தோம்.

காபட்டுக்கு வயது போவதை முதலில் நிறம் காட்டிக்கொடுக்கும். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். வெயிலும் காற்றும் பட்டுத் தாரின் எண்ணெய்ப்பசை குறைந்து, இறுகி, நொறுங்கத் தொடங்கும். சாவியால் சுரண்டினாலே சின்னச் சல்லி கையோடு வரும். மேற்பூச்சு போட அதுதான் நேரம். முதலைத் தோல் மாதிரி வெடித்த பிறகு பூசி ஒன்றும் ஆகாது.

50 மீற்றர் நீளமான மூன்று துண்டுகள். ஒன்றில் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார், தெளிப்பு மட்டும். அடுத்ததில் எமல்ஷனுக்கு மேல் சல்லி பரப்பி ரோலர் ஓட்டினோம். மூன்றாவதை ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா விட்டோம்.

எமல்ஷன் தெளிக்கும்போது கபில நிறம். தண்ணீர் பிரிந்தால்தான் கறுக்கும். பனிமூட்டம் இறங்கினால் அது மணிக்கணக்கில் கபிலமாகவே கிடக்கும். முதல் நாள் பின்னேரம் மழை பிடித்து, அத்தனையும் தேநீர் நிறத்தில் கானில், வீதியோர வடிகாலில், ஓடியது. பார்க்க வயிறு எரிந்தது. அப்புறம் காலை வெயில் ஏறியதும் தொடங்கி, மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுவோம்.

மணல் சோதனைதான் என் கண்ணைத் திறந்தது. 50 மில்லிலீற்றர் மணலை வீதியில் கொட்டி, வட்டமாகத் தேய்த்துப் பரப்பி, குறுக்களவு பார்ப்போம். தெளிப்புக்கு முன் 28 சென்ரிமீற்றர், பிறகு 34. மணல் இறங்கும் பள்ளங்கள் அடைபட்டதால் வட்டம் அகன்றது. அதாவது சராசரி ஆழம் 0.81 மில்லிமீற்றரிலிருந்து 0.55க்கு வந்துவிட்டது. நேர் வீதியென்றால் சரி. இறக்கத்து வளைவில், மழையில், பிள்ளைகள் நிறைந்த பஸ் பிரேக் பிடிப்பதை நினைத்தேன். வளைவுகளுக்குச் சல்லிப் பூச்சுதான் வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன்.

சும்மா விட்ட துண்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்து வாசலில் இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா ஒருவர் நின்று கேட்டார்: "எங்க வாசலை மட்டும் ஏன் தம்பி விட்டுட்டீங்க?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேலே கையைக் காட்டினார். "அந்தக் கான் அடைச்சிருக்கு. தண்ணி ரோட்டு மேலதான் வருது. நீங்க என்ன பூசினாலும் நிக்காது."

தென்மேற்குப் பருவமழை முடிந்து பார்த்தபோது, சல்லிப் பூச்சு உரிந்திருந்தது ஒரே இடத்தில்தான். அந்தத் தண்ணீர் குறுக்கே பாய்ந்த இடம்.

கானைத் தோண்டிவிட்டோம். அளவுகள் எல்லாம் எடுத்து முடிந்த அடுத்த பெப்ரவரியில், முதல் பீப்பாயை அந்த லயத்து வாசலில்தான் திறந்தோம்.