டைபஸ் கேள்வி வந்தால் இதயத்தில் ஆரம்பிக்காதீர்கள்

ஃபைனல் இயர் மெடிசின் பிராக்டிகலில் எனக்கு விழுந்தது ஸ்க்ரப் டைபஸ், அதாவது புல்புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் அக்கா, எட்டு நாள் காய்ச்சல். நேரமில்லை என்று அக்குளைப் பார்க்காமல் விட்டேன். எக்ஸாமினர் வந்து அந்த அக்காவைக் கையைத் தூக்கச் சொன்னார். பீடியால் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. எஸ்கார், கடித்த இடத்தின் தழும்பு! பெரும்பாலும் வலிக்காது, அதனால் அந்த அக்காவுக்கே தெரியவில்லை.

“பிபி 84/50. ஏன்?”

“மயோகார்டைட்டிஸ் சார்.” இதயத் தசை அழற்சியைத்தான் சொன்னேன்.

“எக்கோ நார்மல்ப்பா, இதயம் நல்லா பம்ப் பண்ணுது. இப்ப சொல்லு.”

முழித்தேன்.

‘இதயச் சிக்கல்கள்’ என்று தனியாக ஒரு பட்டியலை உருப்போட்டதுதான் வினை. ஸ்க்ரப் டைபஸைத் தரும் ஒரியன்ஷியா கிருமி குடியேறுவது முக்கியமாக ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில். பேன் பரப்பும் எபிடெமிக் டைபஸின் ரிக்கெட்சியா கிருமியும் அப்படித்தான். உட்சுவர் கெட்டால் நுண்குழாய்கள் கசியும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, அல்புமின் என்ற புரதத்தோடு வெளியேறும். உடம்பு வீங்கும், ஆனால் குழாய்க்குள் ரத்தம் போதாது. பிபி இறங்கும், சிறுநீர் குறையும். நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல். எபிடெமிக் டைபஸில் சிறு குழாய்கள் அடைத்து விரல் நுனி கருகுவதும் உண்டு.

மயோகார்டைட்டிஸ் இதே கதையின் ஒரு கிளை. தசை நார்களுக்கு இடையிலுள்ள குழாய்களைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் குவியும்; நார்கள் சாவது குறைவு. அதனால்தான் பிழைத்தவர்களுக்கு பம்பிங் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடுகிறது.

அடுத்த பொறி: “எத்தனை பாட்டில் சலைன் போடுவே?” எண் சொன்னால் மாட்டினீர்கள். ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற வேலை அது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, பிபி ஏறாவிட்டால் அதை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினுக்குப் போவேன் என்று சொல்லுங்கள்.

மருந்தில் பலர் டைபாய்டு நினைப்பில் செஃப்ட்ரியாக்ஸோன் என்று உளறுவார்கள். இந்தக் கிருமியிடம் அது பலிக்காது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை. நோய் தீவிரமானால் டாக்ஸியும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியில். தனித்தனியாகக் கொடுப்பதைவிட அது மேல் என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தியது, விடாமல் சொல்லுங்கள், எக்ஸாமினர் முகம் மலரும்.

எஸ்கார் தேட: அக்குள், மார்புக்கு அடி, இடுப்புக் கயிறு கட்டும் இடம், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம். பெண் நோயாளி என்றால் கூட நர்ஸ் அக்கா இருக்கட்டும்.